மேட்டு வீட்டுச் சிவப்புத் தாள்

சியுங் சாவ் தீவு,
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் நிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சுக்கும் முணுமுணுப்புக்கும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை டேனியலும் அதுபோலவே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். என் இடது காது பழையபடிதான், படகு என்ஜின் அறையில் விட்டுவிட்டு வந்ததை இனிமேல் எங்கே போய்த் தேடுவது, வலது காது பாதி நல்ல பிள்ளையாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு முட்டி வலி மழைக்கு முந்தின நாளே வந்துவிடுகிறது, ரேடியோக்காரன் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டில் மழைச் செய்தி வாசித்தாகிவிடுகிறது. போன புயலில் பாக் தாய் கோயிலுக்குப் பின்னால் ஆலமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது, யாருக்கும் அடியில்லை, ஆனால் அந்த நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எங்கே உட்காருவது என்று தெரியாமல் மீன் சந்தை வாசலில் நின்றபடி ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. ஹாலிஃபாக்ஸ் துறையில் உனக்குப் பின்னால் ஒரு படகு நிற்கிறதே, அதைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, கயிறு கட்டத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில்தான் என் மகள் இருக்கிறாள் என்று. உன் அம்மா படகைப் பார்க்கவே இல்லை, உன் கழுத்தைத்தான் பார்த்தாள், இளைத்துப் போயிருக்கிறதாம்.

இத்தனை நாள் கடிதம் போடாததற்குக் காரணம் மேட்டு வீடு. போன கோடையில் நீ போனில் சொன்னாயே, அப்பா, அந்த வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள், எனக்காகப் பூட்டி வைக்காதீர்கள் என்று, அன்றைக்கு உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. நீ இங்கே கிளினிக்கில் வேலை பார்த்தபோது உனக்கென்று வாங்கிய வீடு அது, நீ கனடா போனதிலிருந்து அதில் யாரும் படுத்ததில்லை. நீ சொன்னால் சரி என்று மறுநாளே கடைத்தெருவில் சிவப்புத் தாள் வாங்கி, ‘கட் வீடு, வாடகைக்கு’ என்று மையில் பெரிதாக எழுதி, கீழே நம் போன் நம்பரையும் போட்டு, படகுத்துறைச் சுவரில் ஒன்று, கஞ்சிக்கடை வாசலில் ஒன்று, மேட்டு வீட்டுக் கதவில் ஒன்று என்று ஒட்டிவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்கிச் சொல். நம் பேச்சில் காலி என்பதற்கு ‘ஹுங்’ என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் துர்ச்சாவுக்கும் கெட்ட சகுனத்துக்கும் அதே ‘ஹுங்’தான், ஓசையில் இம்மி மாறாது. ஹுங் வீடு என்றால் காலி வீடா, கொலை விழுந்த வீடா என்று காதுக்குத் தெரியாது. அதனால் நாம் யாரும் அந்த வார்த்தையை வாயிலேயே எடுப்பதில்லை, காலிப் பெட்டி, காலிக் கூடை, காலி வீடு எல்லாமே நமக்குக் ‘கட்’, நல்ல சகுனம் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாததற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்த ஜனங்கள் நாங்கள் என்று சொல், அவர் சிரிப்பார்.

தாளை ஒட்டிய நாளிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் மேட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். வருகிறவர்கள் வந்தால் வீடு புழுக்கமாக இருக்கக்கூடாதே என்று ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு உன் பழைய முக்காலியில் உட்காருவேன். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு துண்டுக் கடல் தெரியுமே, மத்தியான வெயிலில் அது கூரையில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தபடி இருந்தால் நேரம் போவதே தெரியாது. யாராவது போனில் விசாரித்தார்கள் என்று உன் அம்மா சொன்னால் போதும், நான் அவர்களைக் குடிவைத்துவிடுவேன். எதிர்த் தீவில் அபர்தீன் பக்கத்திலிருந்து வயதான தம்பதி கேட்டார்கள் என்றாள், கூண்டுப் பறவை வளர்க்கிறார்களாம். உடனே கூண்டை எங்கே மாட்டுவது, கிழக்குப் பக்கம் மாட்டினால் காற்று அதிகம், மேற்கில் பூனை வரும் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன், அந்தப் பறவை பாடுவதுகூட என் கெட்ட காதில் கேட்டது. இன்னொரு நாள் புல்லாங்குழல் கற்றுக்கொடுக்கிறவன் ஒருவன். அவன் மாணவர்கள் படியேறி வரும்போது வழுக்கக்கூடாது என்று பாசியைத் தேய்த்துக் கழுவினேன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், இவர்களுக்குப் பிள்ளையில்லை, இவன் மனைவி கோபக்காரி என்று நானாக எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிடுவேன். முகம் தெரியாத ஒரு கூட்டமே அந்த வீட்டில் நடமாடியது நிங், எனக்கு அவர்கள் மேல் பிரியமே வந்துவிட்டது.

ஆனால் ஒருத்தர்கூட நேரில் வரவில்லை. போனில் விசாரிப்பார்கள், இன்ன படகில் வருகிறோம் என்பார்கள், நான் துறைக்குப் போய் நிற்பேன், படகிலிருந்து சைக்கிளும் காய்கறிக் கூடையும் சுற்றுலாக்காரர்களும் இறங்குவார்களே தவிர, வீடு பார்க்க வந்தேன் என்று ஒரு முகமும் என்னிடம் வராது. முதலில் ஏழாம் மாசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், பேய்கள் ஊர் சுற்றும் மாசத்தில் யார் குடி மாறுவார்கள், வாசலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும்போது கட்டில் தூக்கிக்கொண்டு வர யாருக்குத் துணிச்சல் வரும். ஏழாம் மாசமும் போயிற்று, நிலாப் பண்டிகையும் போயிற்று, வீடு அப்படியேதான் கிடந்தது. ஒரு மத்தியானம் முக்காலியில் உட்கார்ந்தவாறே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் கதவு தட்டும் சத்தம், இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது, திறந்தால் நீ நிற்கிறாய். கையில் குடை. என்னைத் தெரியாத மாதிரி பார்த்து, ஐயா இந்த வீடு காலியா என்று கேட்கிறாய். பதில் சொல்ல வாய் திறக்கிறேன், ஹுங் என்றும் வரவில்லை, கட் என்றும் வரவில்லை, இரண்டு வார்த்தையும் தொண்டையில் நின்றுகொண்டு ஒன்றுக்கொன்று வழி விட்டபடி இருந்தன. நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை ஐயா என்று சொல்லிக் குடையை விரித்துப் படியிறங்கிப் போய்விட்டாய். விழித்ததும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், நான் ஓடினேன்.

அப்புறம்தான் கஞ்சிக்கடைக் குவான் என்னைக் கூப்பிட்டு, கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டுப் போகாமல், மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றான். என்ன விஷயம் என்றேன். மேட்டு வீட்டில் அந்தக் காலத்தில் யார் தூக்கு மாட்டிக்கொண்டார்கள், ஆணா பெண்ணா என்று கேட்டான். எனக்கு இஞ்சித் துண்டு புரையேறிவிட்டது. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த நமக்கே தெரியாமல் என்ன நடந்தது என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொள்கிறதாம், வீடு பார்க்க வருகிறவர்கள் துறையில் இறங்கியதும் அவன் கடையில்தான் முதலில் விசாரிக்கிறார்கள், வீட்டுக்கார அம்மாவே போனில் ஹுங் வீடு என்று சொல்லிவிட்டார்கள், என்ன ஏது என்று. விசாரித்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுகிறார்கள். என் காது இப்படி என்பதால் நம் வீட்டில் போனை எடுப்பது எப்போதும் உன் அம்மாதானே. அவள் ஃபூச்சியன்காரி, நம் பேச்சு அவளுக்குப் பிறவிப் பேச்சில்லை, வாய் தவறியிருக்கும் என்று குவானிடம் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்கு அது ஒட்டவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலி பாட்டிலைக்கூடக் கட் என்று சொல்கிறவள் அவள், மீன்காரன் வாய் தவறி ஹுங் கூடை என்றதற்கு அவனைத் துடைப்பத்தால் விரட்டியவள்.

ஆகவே அடுத்த தடவை போன் மணி அடித்தபோது வலது காதைக் கதவுப் பக்கம் கொடுத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். உன் அம்மா குரலில் தேன் வடிந்தது. ஆமாங்க, நல்ல காத்துங்க, கடல் தெரியுங்க, என்று எல்லாம் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, வீடு ஹுங்தாங்க, அதை மட்டும் ஏன்னு கேக்காதீங்க என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து கீரை ஆய உட்கார்ந்தாள். நான் கேட்டுவிட்டேன். அவள் தலை நிமிரவில்லை. கீரைத் தண்டு ஒவ்வொன்றாக முறிகிற சத்தம்தான் கேட்டது. கடைசியில், “நம்ம பொண்ணு தலை வெச்ச எடத்துல எவளோ ஒருத்தி தலை வெச்சுப் படுக்கணுமா? அவ திரும்பி வந்தா எங்க படுப்பா?” என்றாள். அவளே விடச் சொன்னாளே என்றேன். “சொல்லுவா. நீங்க மட்டும் யோக்கியமா? தெனமும் மேல போய் யாருக்கு ஜன்னல் தொறந்து வெக்கிறீங்க, நிங் அப்பா? வராத கிளிக்கூண்டுக்கா?” என்றாள். இந்த வீட்டில் கனவு காண்கிறவன் நான், கணக்காக இருக்கிறவள் அவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் முகம் தெரியாதவர்களைப் பற்றிக் கனவு கண்டேன், அவள் ஒரே ஒருத்தியைப் பற்றி.

அதன் பிறகு போனை நானே எடுக்க ஆரம்பித்தேன், அதனால் ஒரு லாபமும் இல்லை. வீட்டில் நாய் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டது என் காதில் கழிப்பறை இருக்கிறதா என்று விழுந்து, தாராளமாக, சமையலறைக்குப் பின்னால் ஓடு போட்டு, கழுவிவிட வசதியாக, உட்கார்ந்து எழுந்துகொள்ளக் கைப்பிடியோடு கட்டியிருக்கிறது என்றேன், அவர் போனை வைத்துவிட்டார். மழைக்காலமும் வந்தது. ஆள் மூச்சு இல்லாத வீடு எவ்வளவு சீக்கிரம் பாழாகிறது பார், உன் மேசைக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை ஏறி ஒரு தேசப்படம் மாதிரி விரிந்தது, ஜன்னல் சட்டத்தைத் தட்டினால் கரையான் தின்ற பொத்தல் சத்தம். துடைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் திரும்ப வந்துவிடும். உன் அம்மாவும் வந்து பார்த்தாள், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அவளோடு சண்டை போட எனக்கு மனசில்லை. உனக்காகத்தான் பூட்டி வைத்தாள், உன் வீட்டைத்தான் கடல்காற்று தின்றுகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது போன மாசம் ஒரு சனிக்கிழமை, தூறல் விழுந்துகொண்டிருந்தது, நான் மேலே இருந்தேன். கதவு தட்டும் சத்தம். கனவுதான் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. திரும்பத் தட்டியது. திறந்தால் ஒரு பெண், வயதில் உன்னைவிடக் கொஞ்சம் சின்னவள், துணி ஷூவெல்லாம் நனைந்து ஈரம் சொட்ட நிற்கிறாள், கையில் நான் துறையில் ஒட்டிய சிவப்புத் தாள், காற்றில் பிய்ந்து விழுந்ததாம், மை கரைந்து போன் நம்பரே தெரியவில்லை, அதனால் போன் பண்ணாமல் வழி கேட்டுக் கேட்டு வந்துவிட்டாள். குனிந்து வணங்கி, தட்டுத் தடுமாறிய நம் பேச்சில், ஜி ஐயா நீங்கள்தானே என்றாள். எனக்கு விளங்கவில்லை. தாளைக் காட்டினாள். நம் ‘கட்’ எழுத்தை அவள் ஊரில் ‘ஜி’ என்று படிப்பார்களாம், அந்தப் பெயரில் குடும்பங்களே உண்டாம், ஜி என்பவருடைய வீடு வாடகைக்கு என்று படித்துக்கொண்டு, வழியெல்லாம் ஜி ஐயா வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறாள். குவான்தான் ஒன்றும் சொல்லாமல் மேட்டைக் கைகாட்டினானாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவளும் என்னவென்று புரியாமலே சேர்ந்து சிரித்தாள். பெயர் ஹான் ஷு லான். வடக்கே ஷென்யாங்குக்காரி, நம் தீவுப் பள்ளிக்கூடத்தில் மாண்டரின் சொல்லித்தர வந்திருக்கிறாள். துறைக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறையில் இருக்கிறாளாம், சனி ஞாயிறானால் பாட்டும் கூத்துமாகத் தூங்க விடுவதில்லையாம். ஜன்னலில் தெரிந்த துண்டுக் கடலைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம், அது நன்றாக இருந்தது.

அதற்குள் உன் அம்மா முட்டி வலியோடு மேடேறி வந்துவிட்டாள், குவான் வாயிலாகச் செய்தி போயிருக்கும். வந்தவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஆயுதத்தை எடுத்துவிட்டாள், டீச்சரம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது, இந்த வீடு ஹுங் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் உன் அம்மாவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “ஹுங்காத்தாங்கம்மா இருக்கணும், ஏற்கெனவே ஆள் இருந்தா நான் எப்படிக் குடி வர்றது?” என்றாள். வடக்கத்திப் பேச்சில் காலிக்கும் கெட்ட சகுனத்துக்கும் ஓசையே வேறாம், அவளுக்கு எப்படித் தெரியும். உன் அம்மா விடவில்லை, இல்ல டீச்சரம்மா, ரொம்ப ஹுங் என்று கண்ணை உருட்டிப் பார்த்தாள். ரொம்ப நல்லதுங்கம்மா, என்கிட்ட புஸ்தகம் நிறைய இருக்கு என்றாள் அவள். கான்டனீஸ் பேசுகிற அத்தனை பேரையும் படகேற்றித் திருப்பி அனுப்பிய உன் அம்மா, ஒரு வடக்கத்திப் பெண்ணிடம் வார்த்தை எடுபடாமல் வாயடைத்து நின்றாள். இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை நிங், சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் திரும்பிப் பார்த்தபோது உன் அம்மா முகத்தில் சண்டை இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறைக்காமல் சொல்லிவிட்டாள். “இது என் பொண்ணோட வீடும்மா. அவ வருவா.” அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தாள், உன் மேசை, உன் நீலத் திரை, வாசலில் நீ விட்டுப்போன மழைக்கால ரப்பர் பூட்ஸ், எல்லாவற்றையும். அவளுக்குப் புரிந்துவிட்டது. வணங்கிவிட்டுக் கிளம்புவதற்குக் குடையை எடுத்தவள், வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல் குடையைப் பார்த்தபடி சொன்னாள். “எங்க அம்மாவும் எனக்குன்னு ஒரு ரூமைப் பூட்டி வெச்சிருக்காங்க. போன் பண்ணினா, ரூம் அப்படியே இருக்கும்மா, எப்ப வர்றேன்னு கேக்குறாங்க. சும்மா ஒரு வாரம் பாத்துட்டுப் போகலாம்னுதான் எனக்கு ஆசை. ஆனா அந்த ரூமை நெனச்சா பயமா இருக்கு, திரும்பக் கிளம்புறப்ப ரெண்டாந்தடவை அவங்களை விட்டுட்டுப் போற மாதிரி இருக்கும். அதனால போறதே இல்ல.”

உன் அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தூறல் பெரிதாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து, உங்க அம்மா அந்த ரூம் ஜன்னலையாவது திறந்து வைக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, இருக்கிறது இருந்தபடியே இருக்கணுமாம் என்றாள் அவள். பூஞ்சை பிடிச்சிருக்கும் என்றாள் உன் அம்மா, யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. பிறகு எழுந்து, உன் பூட்ஸை எடுத்து, தலைகீழாகத் தட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, முந்தின காலத்தில் உனக்குச் செய்த மாதிரியே துணி எதுவும் தேடாமல் தன் சட்டை முனையால் உள்ளே துடைத்து, அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தாள். “போட்டுக்கங்க. படி வழுக்கும். சும்மாதான கெடக்கு,” என்றாள். அளவு ஒரு விரல் பெரிது, அதற்கென்ன. மேசையை எடுக்க வேண்டாம், நான் அதிலேயே பிள்ளைகளின் பாடம் திருத்திக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதற்கும் உன் அம்மா சரி என்றுவிட்டாள். மூன்று பேரும் மழையில் மேட்டிலிருந்து இறங்கினோம், உன் பூட்ஸ் எனக்கு முன்னால் நடந்து போயிற்று. நான் பின்னாலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன், கண்ணில் மழைத் தண்ணீர் என்று சொல்லிவிடலாம், ஆனால் குடை இருந்தது.

நல்ல நாள் பார்த்துக் குடி வந்துவிட்டாள். உன் அம்மா தன் ஊர் வழக்கப்படி ஒரு அன்னாசிப் பழத்தை வாசலில் வைத்து உள்ளே உருட்டிவிட்டாள், அவள் பேச்சில் அன்னாசியின் பெயரும் செல்வம் வருகிறது என்பதும் ஒரே ஓசையாம். நம் வீட்டில் கெட்டது எல்லாம் ஓசையால் வந்தது, நல்லதும் அதிலேயே வரட்டும் என்று நான் சொன்னதற்கு, உங்க காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்றாள். கதவில் இருந்த சிவப்புத் தாளை நானே ஈரத்துணி போட்டு ஊறவைத்துக் கிழித்தேன், ஒரு மூலை மட்டும் வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலம் நம் வாசலிலிருந்து பார்த்தால் மேலே விளக்கு எரிகிறது. முதல் நாள் அதைப் பார்த்ததும் நீதான் வேலை முடிந்து வந்துவிட்டாய் என்று மனசு ஒரு துள்ளு துள்ளி, பிறகு அடங்கியது. இப்போதெல்லாம் துள்ளுவதில்லை, நிறைவாகத்தான் இருக்கிறது. நான் குடிவைத்த கிளிக்கூண்டுத் தம்பதியும் புல்லாங்குழல்காரனும் எங்கே போனார்கள் என்று சில சமயம் யோசிக்கிறேன், பாவம், வேறு யாருடைய காலி வீட்டிலாவது இடம் கிடைத்திருக்கும். பூஞ்சையும் போய்விட்டது. அவள் வட்டாரத்து மாவு உருண்டை, உள்ளே முட்டைக்கோஸ் வைத்தது, ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள், உன் அம்மா உப்புப் போதாது என்று சொல்லிக்கொண்டே எனக்கு இரண்டுதான் மிச்சம் வைத்தாள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அந்த அறை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி எழுதும்மா என்று உன் அம்மா அவளைத் தினமும் நச்சரிக்கிறாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் நிங். நீ வராததற்கு விமான டிக்கெட், லீவு, மாப்பிள்ளையின் வேலை என்று நான் எத்தனையோ காரணம் வைத்திருந்தேன். போனை வைப்பதற்கு முன்னால் எப்போது வருகிறாய் என்று நாங்கள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நீ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாயாமே, அதை உன் அம்மாவின் நல்ல காது கேட்டும் கேட்காமல் இருந்தது, எனக்கோ கேட்கவே இல்லை. அந்த வீடு உன்னை அங்கே நிம்மதியாக உட்காரவும் விடவில்லை, இங்கே வரவும் விடவில்லை என்பது எங்கிருந்தோ ஒரு பெண் வந்து சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு மகளே, வேர் பிடித்து நன்றாக இரு. நீ எங்களை விட்டுவிட்டுப் போனவள் இல்லை, தூரத்தில் குடியிருக்கிறவள், அவ்வளவுதான். திரும்பி வா என்று இனி நாங்கள் சொல்லமாட்டோம். வந்துவிட்டுப் போ. ஒரு வாரமோ மூன்று நாளோ, விருந்தாளி மாதிரி வா, விருந்தாளி மாதிரியே போ, துறையில் நின்று நான் கையசைத்து அனுப்புகிறேன், படகு திரும்பும் வரை நிற்பேன், அழமாட்டேன் என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்காதே.

குளிர் தொடங்குவதற்குள் கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொள், காதை மூடு, நம் குடும்பத்துக்குக் காதில் ராசியில்லை. உருளைக்கிழங்கையே தின்று வயிற்றை ரொப்பாதே, வாரத்தில் ஒரு நாளாவது கஞ்சி வை, இஞ்சியைப் பொடியாக நறுக்கிப் போடு. காய்ந்த கணவாயும் இறால் விழுதும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன், நாற்றத்துக்கு மாப்பிள்ளையிடம் நானே மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க பாக் தாய் சாமி துணை நிற்கட்டும். வருவதாக இருந்தால் முன்கூட்டியே போன் பண்ணு, போனை அம்மாதான் எடுப்பாள், என்னை மறுபடியும் அதன் பக்கம் விடுவதில்லை.

இதை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து, என்ன எழுதினீர்கள் என்று முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஹுங் வருகிற இடத்திலெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும், நம் கூடத்து மூலையில் அவள் வாங்கிப் போட்டிருக்கும் மடக்குக் கட்டிலைப் போய் ஒரு தரம் விரித்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வந்து, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அவளுக்கு இங்க ஒரு படுக்கை இருக்குன்னு எழுதுங்க. அது ‘கட்’டாத்தான் கெடக்குன்னு எழுதுங்க.”

இப்படிக்கு,
உன் அப்பா லாவ் காம் சோய்,
பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா.